திமிங்கிலம் முதல் வெள்ளாயணி வரை

திருவனந்தபுரத்தின் வெள்ளாயணிக் காயலை ஒட்டிய வயலில் மினி டிராக்டர் தொளி அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது சேறும் கேஜ் வீலும்தான். ஓட்டுகிறவரின் இருக்கைக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள், எண்ணெய் ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. கியர்ப் பற்களுக்கு நடுவே புகுந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. பம்பில் அழுத்தம் ஏறி, பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்குகிறது. பிரேக் தட்டுகளை நனைத்து அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் கசிந்தால் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பு.

கியருக்கும் பம்புக்கும் வழுக்கல் வேண்டும். பிரேக்குக்குப் பிடிப்பு வேண்டும். ஒரே எண்ணெய் இரண்டையும் கொடுத்தாக வேண்டும். இந்த எண்ணெயின் எண்பது ஆண்டு வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலை அவிழ்க்கும் முயற்சிதான். அதைத் தெரிந்துகொண்ட விவசாயி டப்பாவின் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து எண்ணெய் வாங்கமாட்டார்.

ஒரே பெட்டி, ஒரே எண்ணெய்

தொடக்கம் அயர்லாந்தின் வடபகுதியில். 1884-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி ஃபெர்கூசன், கலப்பையை டிராக்டரின் பின்னால் வண்டிபோல இழுத்துச் செல்வதை ஏற்கவில்லை. இரண்டும் ஒரே உடலாக இயங்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கான இணைப்பு முறைக்கு 1926-ல் காப்புரிமை பெற்றார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று இன்று ஏறக்குறைய எல்லா டிராக்டரிலும் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு அவருடைய வேலையிலிருந்து வந்தது. அந்தக் கைகளைத் தூக்க ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1936-ல் ஃபெர்கூசன்-பிரவுன் டிராக்டர் வந்தது. 1939-ல் ஹென்றி ஃபோர்டுடன் கைகோத்துச் செய்த 9என் டிராக்டர் வந்தது. 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் டிஇ20 உற்பத்தி தொடங்கியது. பத்தாண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஇ20 டிராக்டர்கள் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்தன.

டிஇ20-ல் ஹைட்ராலிக் பம்பு கியர்ப்பெட்டியின் உள்ளேயே, கியர்களை நனைக்கும் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். அதனால் தனித் தொட்டி வேண்டாம், வெளியே நீளக் குழாய் வேண்டாம், இரண்டாவது எண்ணெய் வேண்டாம். வண்டி எளிமையானது, விலை குறைந்தது. அதே சமயம் கியரில் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் பம்பின் வாசலுக்கே வந்து சேரும் நிலையும் உண்டானது. அன்றிலிருந்து எண்ணெயின் தரமும் வடிகட்டியும் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கத் தொடங்கின.

இந்தப் பரம்பரை தமிழ்நாட்டுக்கு நெருங்கிய சொந்தம். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்கூசனுடன் சேர்ந்து செம்பியம் ஆலையில் எம்எஃப் 35 வகை டிராக்டரைச் செய்தது. அதுவும் பம்பு எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் வண்டிதான். தென்மாவட்டப் பட்டறைகளில் ஹைட்ராலிக் வேலை பழகிய பல மெக்கானிக்குகளுக்கு அதுவே பாடப் புத்தகம்.

திமிங்கிலத்தின் தலையிலிருந்து

டிஇ20-ன் பிரேக் எண்ணெய் படாத உலர்ந்த டிரம் பிரேக். அதனால் அந்த எண்ணெய்க்கு வழுக்குவது மட்டுமே கடமையாக இருந்தது. 1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஜான் டியர் நிறுவனம் தன் புதிய தலைமுறை டிராக்டர்களை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறியது. ஸ்டியரிங், பிரேக், தூக்கும் கை எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட்ராலிக் ஏற்பாடு. பிரேக் தட்டுகளும் எண்ணெய்க்குள் போயின. சேறும் தண்ணீரும் தட்டைத் தொடாது, சூடு தங்காது, லைனிங் நெடுங்காலம் உழைக்கும். நெல் வயலுக்கு இதைவிடப் பொருத்தமான பிரேக் இல்லை.

ஆனால் எண்ணெயில் நனைந்த தட்டுகள் அழுந்தும்போது சீராகப் பிடிப்பதில்லை. ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி வண்டி முழுவதும் அதிர்கிறது. காது கூசும் சத்தம் எழுகிறது. வழுக்கலைக் கூட்டினால் சத்தம் அடங்கும், பிரேக் நிற்காது. வழுக்கலைக் குறைத்தால் பிரேக் நிற்கும், அதிரும். நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அங்கே எண்ணெயை நிறுத்த அன்றைய வேதியியலாளர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பொருள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்.

அம்பர்கிரிஸ் கடத்தல் செய்திகளில் நாம் கேள்விப்படும் அதே திமிங்கிலம். அதன் பெரிய தலைக்குள் இருக்கும் எண்ணெய் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய்போலக் கொழுப்பு வகை அல்ல. பெரும்பகுதி மெழுகு வகை. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை உலோகப் பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து, தட்டுகள் நெருங்கும் கடைசிக் கணத்தில் உராய்வைச் சீராக்கின. சூட்டிலும் எளிதில் கெடவில்லை. ஜான் டியரின் 303 என்ற டிராக்டர் எண்ணெயிலும் அந்தக் காலக் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயிலும் திமிங்கில எண்ணெய் இருந்தது.

திமிங்கிலங்கள் குறைந்துகொண்டே போயின. 1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. எண்ணெய்த் தொழில் திகைத்தது. பாலைவனச் செடியான ஹோஹோபாவின் விதையில் ஏறக்குறைய அதே வகை மெழுகு இருப்பதால் அதன் பக்கம் சிலர் திரும்பினார்கள். ஆய்வகத்தில் செய்த செயற்கைச் சேர்மங்கள் பெரும்பாலான இடத்தைப் பிடித்தன. 1970-களின் நடுவில் ஜான் டியர் 303-ஐக் கைவிட்டு ஜே20 என்ற புதிய தர வரிசையைக் கொண்டுவந்தது. இன்றைய ஜே20சி அந்த வரிசையில் வந்தது. ஒரு விலங்கைக் கொல்லாமலேயே அதே வேலையைச் செய்ய முடியும் என்று தொழில்நுட்பம் காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. இதை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

உடல் போய்ப் பெயர் நின்றது

303 என்ற தரத்துக்கு உரியவரே அதைக் கைவிட்ட பிறகும் அந்த எண் சந்தையில் வாழ்ந்தது. யாரும் காவல் காக்காத எண் என்பதால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாளியில் ஊற்றி 303 என்று எழுதி விற்க முடிந்தது. அமெரிக்கக் கடைகளில் மலிவான மஞ்சள் வாளிகளில் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றது. 2017-ல் மிசௌரி மாகாண வேளாண் துறை அந்த எண்ணெய்களைச் சோதித்துப் பார்த்தது. நடப்பில் உள்ள எந்த டிராக்டர் தரத்தையும் எட்டாத எண்ணெயை 303 என்ற பெயரில் விற்கக் கூடாது என்று தடுத்தது. வேறு மாகாணங்களும் அந்த வழிக்கு வந்தன. பம்பும் கியரும் தேய்ந்துபோனதால் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள்.

இது தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. ‘எல்லா டிராக்டருக்கும் ஏற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, எந்தத் தரக் குறியீட்டையும் சொல்லாத டப்பா நம் ஊரிலும் விலைபோகும். உரிமையாளர் இல்லாத பெயரை நம்பினால் நஷ்டத்துக்கும் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

மணலியில் பிறந்து

நல்ல டிராக்டர் எண்ணெயில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த அடிப்படை எண்ணெய். தென்னிந்தியாவில் அதன் முக்கியப் பிறப்பிடம் சென்னையை அடுத்த மணலி. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-ல் தொடங்கிய மதராஸ் ரிஃபைனரீஸ், 1969-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம். பெட்ரோல், டீசல் பிரிந்த பிறகு எஞ்சும் கனமான பகுதியை வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். கரைப்பானால் தேவையற்ற சேர்மங்களை நீக்குகிறார்கள். மெழுகை எடுக்கிறார்கள். தெளிந்து நிற்பதே அடிப்படை எண்ணெய்.

அது அப்படியே டிராக்டருக்கு ஆகாது. கலவை ஆலையில் மீதிப் பங்கு சேர்கிறது: தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், அமிலத்தை முறிக்கும் கால்சியம் சேர்மம், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் காக்கும் பாலிமர், நுரை அடக்கி, துருத் தடுப்பான், திமிங்கிலத்தின் இடத்தைப் பிடித்த உராய்வுச் சேர்மம். விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. எண்ணெயின் மஞ்சளோ சிவப்போ வெறும் சாயமாகவும் இருக்கலாம். நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

சிறிய நிலம், சிறிய வண்டி

இந்த எண்ணெய் வந்து சேரும் வெள்ளாயணி வயல்களுக்கும் ஒரு கதை உண்டு. 1956 நவம்பர் 1-ல் நாஞ்சில் நாடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திருவனந்தபுரத்துக்கு மிஞ்சியது வெள்ளாயணி, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் ஏலாக்கள் என்ற வயல்வெளிகளும் மேட்டுநிலத் தென்னையும் மரவள்ளியும் வாழையும்.  

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர். ஏறக்குறைய 45 சென்ட். இந்தியச் சராசரி 1.08 ஹெக்டேர். இவ்வளவு சிறிய துண்டில், தென்னைகளின் நடுவே, குறுகிய வரப்பில் பெரிய டிராக்டர் திரும்ப முடியாது. அதனால்தான் முதலில் பவர் டில்லரும் பிறகு 15, 20, 25 குதிரைத்திறன் மினி டிராக்டரும் இங்கே இடம் பிடித்தன.

சிறிய வண்டி என்பதால் எண்ணெய்க்குச் சலுகை கிடையாது. பெரிய டிராக்டரில் முப்பது லிட்டருக்கு மேல் சுற்றிவரும் எண்ணெய், பல மினி டிராக்டர்களில் அதில் பாதியளவுகூட இருக்காது. அதே ரோட்டவேட்டர், அதே சேறு, நிலம் சின்னது என்பதால் நிமிடத்துக்கு நிமிடம் திருப்பம், ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கி இறக்கல், பிரேக். குறைந்த எண்ணெய் அதிக முறை சுற்றுகிறது. சீக்கிரம் சூடாகிறது, சீக்கிரம் அழுக்காகிறது. அதனால் அதைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய டிராக்டர்காரரைவிட மினி டிராக்டர்காரருக்குத்தான் அக்கறை அதிகம் வேண்டும்.

கடையில் நிற்கும்போது

கடையில் நாம் கேட்க வேண்டியது எண்ணெயின் பெயரை அல்ல, தரக் குறியீட்டை. அது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. ஜான் டியர் என்றால் ஜே20சி. மாஸி ஃபெர்கூசன் என்றால் எம்1135, எம்1141, எம்1145 போன்ற எண்கள். ஃபோர்டு, நியூ ஹாலந்து வழி வந்தவை எம்2சி134-டி. குபோட்டா என்றால் யூடிடி. எண்ணெய்க்குள் பிரேக் உள்ள வண்டிக்கான இந்த வகையை நம் கடைகள் வெட் பிரேக் ஆயில் என்றும், நிறுவனங்கள் யூடிடிஓ என்றும் சொல்கின்றன. டப்பாவின் பின்புறச் சிறிய எழுத்தில் உங்கள் வண்டியின் குறியீடு இருக்க வேண்டும். ‘அங்கீகாரம் பெற்றது’ என்பது டிராக்டர் தயாரிப்பாளர் சோதித்து ஒப்புக்கொண்டது. ‘தரத்தை நிறைவேற்றுகிறது’ என்பது எண்ணெய் நிறுவனம் கொடுக்கும் உறுதி. ‘பயன்படுத்த ஏற்றது’ என்பது வெறும் பரிந்துரை. மூன்றும் ஒன்றல்ல.

பெரும்பாலும் தவறு நடப்பது 90 ஆயிலில். ‘கியருக்கு 90 ஊத்தினா போதும்’ என்பது பழைய பழக்கம். 100 டிகிரி செல்சியஸில் ஜே20சி வகை எண்ணெயின் பிசுக்கு ஏறக்குறைய 9 முதல் 10 சென்டிஸ்டோக். 90 கியர் ஆயிலுக்கு அது 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 40 டிகிரியில் 90 ஆயில் ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி. அந்தக் கெட்டி எண்ணெயைப் பம்பு சல்லடை வழியாக உறிஞ்சத் திணறுகிறது, காற்றுக் குமிழ்கள் உண்டாகிப் பம்பு முனகுகிறது, லிஃப்ட் மெதுவாகிறது. மேலும் 90 ஆயிலில் வெட் பிரேக்குக்கு வேண்டிய உராய்வுச் சேர்மம் இல்லை. அது ஜிஎல்-5 வகையாக இருந்தால் அதிலுள்ள வீரியமான கந்தகச் சேர்மம் பித்தளை, வெண்கலப் பாகங்களையும் அரிக்கலாம். கியர்ப்பெட்டியும் ஹைட்ராலிக்கும் தனித்தனியாக உள்ள வண்டிக்குக் கையேடே 90 கேட்டால், அங்கே 90-தான் சரி. கையேடு கேட்காத இடத்தில் ஊற்றுவதுதான் தவறு.

எண்களிலும் ஒரு மயக்கம் உண்டு. கியர் ஆயிலின் 80 என்ற எண்ணும் எஞ்சின் ஆயிலின் 30 என்ற எண்ணும் வெவ்வேறு அளவுகோல்கள். இரண்டு எண்ணெயும் கெட்டியில் ஏறக்குறைய சமம். 80 பெரிய எண் என்பதற்காக அது 30-ஐவிடக் கெட்டி என்று நினைக்க வேண்டாம்.

சாதாரண 68 ஹைட்ராலிக் ஆயில் ஜேசிபிக்குப் பொருந்தலாம். பம்பை அது நன்றாகவே ஓட்டும். கியர்ப் பல்லின் கடும் அழுத்தத்தைத் தாங்கவும் பிரேக்கைச் சீராகப் பிடிக்கவும் அதற்குத் தெரியாது. கியர் மாற்றாமல் மிதியாலேயே ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே சக்கரத்தைச் சுழற்றுவதே எண்ணெய்தான்; பாகங்களின் இடைவெளி மைக்ரான் கணக்கு. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்றக் கூடாது.

குளிர்நாட்டு விவசாயி உறைபனியில் எண்ணெய் ஓடுமா என்று கவலைப்படுகிறார். திருவனந்தபுரத்தில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அந்தக் கவலை நமக்கு இல்லை. குளிருக்கென்று மெல்லியதாக்கிய ஜே20டி போன்ற வகைக்கு அதிக விலை கொடுக்க இங்கே காரணமில்லை. நமக்கு எதிரி தண்ணீர்.

உள்ளே வாழும் காலம்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் ஊர் இது. தொளி அடிக்கும்போது பின் அச்சு சேற்றில் மூழ்குகிறது. பழைய ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. வேலை முடிந்து வண்டி குளிரும்போது காற்றுத்துளை வழியாக ஈரக் காற்று புகுந்து உள்ளே நீர்த்துளியாகப் படிகிறது. நல்ல டிராக்டர் எண்ணெய் சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொண்டு, சேர்மங்களைக் கைவிடாமல், வடிகட்டியை அடைக்காமல் ஓடுவதற்கென்றே சோதிக்கப்படுகிறது. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. அளவு மிஞ்சினால் எண்ணெய் பால் ஊற்றிய சாயாவின் நிறத்துக்கு வந்துவிடும்.

நிறம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரே ஒரு துளியைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டால், தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். இல்லையென்றால் சத்தமின்றிப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் ஓட்டுவதற்கு முன் டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். நடவுக் காலம் முடிந்ததும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய வண்டியில் முதல் எண்ணெய் மாற்றத்தைப் பல கையேடுகள் 50 மணி நேரத்திலேயே கேட்கின்றன. புதிய கியர்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகளை அப்போதே வெளியேற்றிவிட வேண்டும். எண்ணெயை மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும், சல்லடையையும் கழுவ வேண்டும். வண்டி சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் அழுக்கு முழுவதும் இறங்கும். இரண்டு நிறுவனங்களின் எண்ணெயைக் கலந்து ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

வடித்த பிறகு

இந்த எண்ணெயின் கடைசிப் பயணம்தான் அதிகம் கவனிக்கப்படாதது. வடித்த எண்ணெயை ஷட்டரிங் பலகைக்குப் பூசுகிறார்கள், கறையான் வராமல் மரத்தில் தடவுகிறார்கள், மிச்சத்தை மண்ணில் கொட்டுகிறார்கள். அதில் துத்தநாகமும் உலோகத் துகளும் எரிந்த கசடும் இருக்கின்றன. கேரளத்தின் மிகச் சில நன்னீர்க் காயல்களில் ஒன்று வெள்ளாயணி; அதன் தண்ணீரை மக்கள் குடிக்கிறார்கள். அதன் கரையில் கொட்டும் எண்ணெய்க்கு வேறு போக்கிடம் இல்லை.

பயன்படுத்திய எண்ணெயைச் சுத்திகரித்து மறுபடியும் அடிப்படை எண்ணெயாக்க முடியும். 2023 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த விதிகள், 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வடிக்கும் மினி டிராக்டர்காரரின் வீட்டுக்கு எந்தச் சேகரிப்பு வண்டியும் வருவதில்லை.

வேறு ஒரு வழியையும் கேரளம் யோசித்திருக்கிறது. இங்கே ஆட்டோ ஓட்டுநர்கள் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டியதுண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2006-ல் தேங்காயெண்ணெயை அடிப்படை எண்ணெயாக்கும் சாத்தியத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது மண்ணில் மக்கும்; தேய்மானத்தையும் தடுக்கும். ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறையத் தொடங்குவது அதன் குறை. ஐரோப்பாவில் கடுகினத்து ராப்சீட் எண்ணெயிலிருந்து டிராக்டர் எண்ணெய் செய்கிறார்கள். திமிங்கிலத்துக்கு மாற்று கண்டுபிடித்த வேதியியலுக்குத் தென்னையும் எட்டாத தூரமில்லை.

அதுவரை செய்யக் கூடியது எளிது. 1987 முதல் கேரளத்தின் ஊராட்சிகளில் கிருஷி பவன்கள் என்னும் வேளாண் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். அந்தப் பகுதியில் ஓடும் டிராக்டர், பவர் டில்லர் மாதிரிகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணெய்க் குறியீட்டையும் எழுதிய பலகை ஒன்று. வடித்த எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்ற மூடியுள்ள பீப்பாய் ஒன்று. நிறைந்ததும் மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பலகை விவசாயியின் பம்பைக் காக்கும், பீப்பாய் ஊரின் குடிநீரைக் காக்கும். மானியம் கொடுத்து டிராக்டரை வயலுக்குக் கொண்டுவந்த அரசு, அதற்குள் ஓடும் எண்ணெய்க்கும் இவ்வளவு பொறுப்பேற்பதுதான் முறை.